499 கோடி ரூபாய்க்கு எதை வாங்கினார்கள்?

ஒரு நிறுவனம் இரண்டு வழிகளில் வளரலாம். ஆலமரம் போலத் தன் கிளைகளிலிருந்தே விழுதுகளை இறக்கி, அவற்றை ஊன்றிப் பரவுவது ஒரு வழி. ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் வேறொரு மரத்தைத் தன்னோடு ஒட்டிக்கொண்டு பெருப்பது மற்றொரு வழி. முதல் வழிக்குக் காலம் அதிகம் வேண்டும். இரண்டாவது வழிக்குப் பணம் அதிகம் வேண்டும்.

மதுரை இவ்விரண்டு வழிகளையும் கண்ட ஊர். சி. பா. ஆதித்தனார் 1942இல் 'தந்தி' நாளிதழை மதுரையில்தான் தொடங்கினார். பின்னர் அது 'தினத்தந்தி' ஆகி, ஊருக்கு ஊர் அச்சுக்கூடம் நிறுவி, பதிப்பின் மேல் பதிப்பாக விழுது விட்டு வளர்ந்தது. ஒட்டுமரத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு ஹார்வி சகோதரர்களின் முயற்சியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையில் எழுந்த நூற்பாலை 'மதுரா மில்ஸ்'. அது 1974இல் தையல் நூல் செய்யும் கோட்ஸ் நிறுவனத்தின் இந்தியக் கிளையோடு இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று.

ஆலைகள் இணையும்போது கணக்கிடுவது எளிது. கதிர்கள் எத்தனை, பஞ்சு மூட்டைகள் எத்தனை, கட்டடமும் நிலமும் எவ்வளவு பெறும் என்று எண்ணி விடலாம். செய்தித்தாள் கைமாறும்போது கணக்குச் சற்றுக் கடினமாகிறது. 1932இல் வரதராஜுலு நாயுடு தொடங்கிய 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' சதானந்திடமும், பின்னர் ராம்நாத் கோயங்காவிடமும் சென்றது. 2005இல் 'தினகரன்' சன் குழுமத்தின் வசமாயிற்று. விழுது விட்டு வளர்ந்த தினத்தந்திக் குழுமமே 2012இல் ஓர் ஆங்கிலத் தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்கி, அதனைத் 'தந்தி டிவி' ஆக்கியது. இங்கெல்லாம் அச்சு இயந்திரத்தோடும் படப்பிடிப்புக் கருவியோடும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் கைமாறியது. அதுதான் வாசகர்களின் பழக்கம்.

இனி ஒரு கேள்வி. அச்சு இயந்திரமும் இல்லை, காகிதக் கிடங்கும் இல்லை, விற்பனைக்கு வண்டியும் இல்லை. பழக்கம் ஒன்று மட்டுமே உள்ள நிறுவனம் ஒன்று விலைக்கு வந்தால் அதற்கு என்ன விலை வைப்பது? இந்தியாவில் இக்கேள்வி பெரிய அளவில் முதன்முதலாக எழுந்தது 1999ஆம் ஆண்டில். வாங்கிய நிறுவனம் சென்னையில் இருந்தது. அந்த வரலாற்றையும், அதே ஆண்டுகளில் மதுரைச் சமவெளியில் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்ப்போம்.

வாங்கியவரும் விற்றவரும்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15 அன்று திறந்து விடப்பட்டது. அப்போது அதனை வழங்கும் உரிமை அரசு நிறுவனமான விதேஷ் சஞ்சார் நிகாமிடம் மட்டுமே இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனம், 'சத்யம் இன்ஃபோவே' என்னும் துணை நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் தலைமையிடம் சென்னை. தலைமைப் பொறுப்பில் ஆர். ராமராஜ் இருந்தார். 1998 நவம்பரில் அரசு இணையச் சேவையைத் தனியாருக்கும் திறந்தபோது, முதலில் களம் இறங்கிய தனியார் நிறுவனம் இதுவே. தொலைபேசிக் கம்பியின் வழியாகக் கணிப்பொறியை இணையத்தோடு பிணைத்து விடுவது அதன் தொழில்.

1999 அக்டோபரில் இந்நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம் பெற்றது. இந்திய இணைய நிறுவனங்களில் அந்தச் சந்தையில் முதலில் நுழைந்தது இதுதான். ஒரு பங்குச் சான்று 18 டாலருக்கு விற்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அதன் விலை பன்மடங்கு ஏறிற்று.

விற்றவர் ராஜேஷ் ஜெயின். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்த பொறியாளர். 1995 மார்ச்சில் இவர் 'இந்தியா வேர்ல்டு' என்னும் வலைத்தளத்தைத் தொடங்கினார். மாதத்தைக் கவனியுங்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வருவதற்கு ஐந்து மாதங்கள் முன்பே இந்தியாவைப் பற்றிய தளம் வந்து விட்டது! அதனைப் படித்தவர்கள் கடல் கடந்து வாழ்ந்த இந்தியர்கள். ஊர்ச் செய்திக்காக ஏங்கியிருந்தவர்களுக்கு அது ஒரு சாளரமாக அமைந்தது. பின்னர் செய்திக்குச் 'சமாச்சார்', விளையாட்டுக்குக் 'கேல்', தேடுவதற்குக் 'கோஜ்', சமையலுக்குப் 'பாவர்ச்சி' எனத் தனித்தனித் தளங்கள் கிளைத்தன. நடத்தியது ஒரு சிறு குழு.

1999 நவம்பர் இறுதியில் செய்தி வெளியாயிற்று. இந்தியா வேர்ல்டை சத்யம் இன்ஃபோவே 499 கோடி ரூபாய்க்கு வாங்குகிறது! அந்நாளைய நாணய மாற்றுப்படி இது ஏறத்தாழ 11.5 கோடி டாலர். முதலில் 24.5 விழுக்காட்டுப் பங்குகளுக்கு ஏறத்தாழ 122 கோடி ரூபாய் ரொக்கமாகத் தரப்பட்டது. எஞ்சிய 75.5 விழுக்காட்டை வாங்கும் உரிமைக்காக 51 கோடி ரூபாய் முன்பணம் வைக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டின் நடுவில், ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி பங்குகளாகவும் கொடுத்து வாணிபம் நிறைவு செய்யப்பட்டது. விற்கப்பட்ட நிறுவனத்தின் ஆண்டு வருவாயோ இத்தொகையில் மிகச் சிறிய பின்னமே. நாடெங்கும் வியந்து பேசினார்கள். சிலர் இதைத் தீர்க்கதரிசனம் என்றார்கள். சிலர் பித்து என்றார்கள்.

நன்மதிப்பு என்னும் சரக்கு

இதைப் புரிந்துகொள்ள மதுரைக் கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடையில் உள்ள சரக்கு, தராசு, அலமாரி எல்லாவற்றையும் கூட்டினால் 10 லட்சம் ரூபாய் தேறுகிறது. ஆனால் கடைக்காரர் 15 லட்சம் கேட்கிறார். வாங்குபவரும் தயங்காமல் தருகிறார். அந்த 5 லட்சம் எதற்கு? நாற்பது ஆண்டுகளாக அந்தக் கடைக்கே வந்து பழகிய வாடிக்கையாளர்களுக்கு! கணக்கர்கள் இதனை 'நன்மதிப்பு' என்று தனிக் கணக்கில் எழுதுவார்கள்.

நன்மதிப்பு பொய்யான பொருள் அன்று. ஆனால் அது எளிதில் ஆவியாகும் பொருள். நாளை பேருந்து நிலையம் வேறிடத்துக்கு மாறி, வாடிக்கையாளர் வருவது நின்று விட்டால், அலமாரி அப்படியே இருக்கும், நன்மதிப்பு இருக்காது. இந்தியா வேர்ல்டின் விலையில் அலமாரியின் பங்கு மிகக் குறைவு. ஏறக்குறைய முழுவதுமே நன்மதிப்புதான்.

அவ்வளவு விலை கொடுக்க அன்று மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, வலைப்பின்னலின் கணக்கு. ஓர் ஊரில் 10 தொலைபேசிகள் இருந்தால் அவற்றுக்குள் 45 இணைகள் பேசிக்கொள்ளலாம். 100 தொலைபேசிகள் ஆனால் 4,950 இணைகள். கருவிகள் பத்து மடங்கு பெருகும்போது இணைப்புகள் நூறு மடங்குக்கு மேல் பெருகுகின்றன. ஆகவே கூட்டத்தை முதலில் சேர்ப்பவரே வெல்வார் என்னும் எண்ணம் பரவியிருந்தது.

இரண்டாவது, கம்பிக்கும் செய்திக்கும் உள்ள உறவு. சத்யம் இன்ஃபோவே கம்பியை விற்றது. படிக்கத் தக்கது ஏதும் இல்லாவிடில் கம்பியை யார் வாங்குவார்கள்? வாய்க்காலையும் தண்ணீரையும் ஒருவரே வைத்திருந்தால் இரண்டுக்கும் விலை கிடைக்கும் அன்றோ?

மூன்றாவது காரணம்தான் நுட்பமானது. நம் மளிகைக் கடையையே எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கடைக்கு விலை 10 லட்சம். அதனை வாங்க நினைப்பவரின் சொந்தக் கடை ஒரு கோடி பெறும் என்று ஊர் மதித்தால், அவர் பணத்துக்குப் பதிலாகத் தம் கடையில் பத்தில் ஒரு பங்கைத் தர வேண்டியிருக்கும். அவர் கடை பத்துக் கோடி பெறும் என்று ஊர் திடீரென்று நம்பத் தொடங்கினால்? நூற்றில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்! தம் பங்கின் விலை ஏறியிருக்கும்போது மற்றவரை வாங்குவது மலிவாகத் தோன்றுகிறது. ஒவ்வொரு பெரிய வாணிபமும் பங்கின் விலையை மேலும் ஏற்றுகிறது. ஏறிய விலை அடுத்த வாணிபத்துக்கு வழி திறக்கிறது. இச்சுழல் மேல்நோக்கிச் சுழலும் வரை எல்லாரும் அறிவாளிகளே.

கிரிக்கெட்டுக் கணக்குப் பிள்ளைகள்

அந்தச் சுழலில் அடுத்து அகப்பட்டது 'கிரிக்கின்ஃபோ'. இதன் பிறப்பு வேடிக்கையானது. 1993இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்னும் ஆங்கிலேயரின் முயற்சியில் இது தொடங்கிற்று. அங்கே கிரிக்கெட்டுச் செய்தி கிடைக்காது. ஆகவே உலகெங்கும் சிதறிக் கிடந்த மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும், தாமே ஓட்டங்களைத் தட்டச்சுச் செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பழைய ஆட்டங்களின் கணக்கேடுகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். யாரும் கூலி பெறவில்லை. பின்னர் இது ஒரு நிறுவனமாக உருப்பெற்றபோது அதை உருவாக்கியவர்களுள் ஒருவர் தமிழரான பத்ரி சேஷாத்ரி. பிற்காலத்தில் தமிழ்ப் பதிப்புத் துறையில் 'கிழக்கு' வெளியீடுகளால் அறியப்பட்டவர் இவரே.

2000ஆம் ஆண்டில் கிரிக்கின்ஃபோவின் 25 விழுக்காட்டுப் பங்கை சத்யம் இன்ஃபோவே பெற்றது. மதிப்பு ஏறத்தாழ 3.75 கோடி டாலர். விலையைச் செலுத்தியது பணமாக அல்ல, தன் பங்குகளாக. நாம் மேலே கண்ட மூன்றாவது காரணம் இங்கே அப்படியே பொருந்துவதைக் காணலாம்.

குமிழி உடைந்தது

2000 மார்ச்சு 10 அன்று நாஸ்டாக் குறியீட்டெண் 5,048இல் முடிந்தது. அதுவே அந்தக் காலத்தின் சிகரம். 2002 அக்டோபரில் அது 1,114ஆக வீழ்ந்தது. நூறு ரூபாய் 22 ரூபாய் ஆயிற்று என்று கொள்ளலாம். இணைய நிறுவனங்கள் பல அதனினும் ஆழமாக விழுந்தன. சத்யம் இன்ஃபோவேயும் தப்பவில்லை. இந்தியா வேர்ல்டுக்காக எழுதி வைத்த நன்மதிப்புக் கணக்கின் பெரும்பகுதியை அடுத்த சில ஆண்டுகளில் நட்டமாக எழுதிக் கழிக்க நேர்ந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. 2000 ஜனவரியில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். என்னும் இணைய நிறுவனம், பழம்பெரும் செய்தி, திரைப்பட நிறுவனமான டைம் வார்னருடன் இணையப் போவதாக அறிவித்தது. 2002ஆம் ஆண்டுக்கு மட்டும் அக்கூட்டு நிறுவனம் காட்டிய நட்டம் ஏறத்தாழ 9,900 கோடி டாலர். அதில் பெரும்பகுதி நன்மதிப்பைக் கழித்ததால் வந்ததே. 2009இல் இரண்டும் பிரிந்தன.

பணம் போவது ஒரு வகை இழப்பு. வேறொரு இழப்பும் உண்டு. 1999இல் யாஹூ நிறுவனம் 'ஜியோசிட்டீஸ்' என்னும் தளத்தை ஏறத்தாழ 360 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. சாதாரண மக்கள் கோடிக்கணக்கான பக்கங்களில் தம் குடும்பம், ஊர், பொழுதுபோக்கு பற்றி எழுதி வைத்திருந்த இடம் அது. 2009 அக்டோபரில் யாஹூ அதனை மூடிவிட்டது. தன்னார்வலர் சிலர் இரவு பகலாக முயன்று ஒரு பகுதியைப் படியெடுத்துக் காப்பாற்றினார்கள். மற்றவை அழிந்தன. மதுரைக் கடைத்தெருவில் ஒரு கடை கைமாறினால் பழைய வாடிக்கையாளரின் வீட்டுப் பத்திரங்கள் காணாமல் போவதில்லை. வலைத்தளம் கைமாறினால் போகக்கூடும். ஏனெனில் அங்கே வாடிக்கையாளர் தம் உடைமைகளையே கடைக்குள் வைத்திருக்கிறார்.

கிரிக்கின்ஃபோவின் கதி வேறு. 2003இல் அது இங்கிலாந்தின் விஸ்டன் குழுமத்திடமும், 2007இல் அமெரிக்காவின் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்திடமும் சென்றது. உரிமையாளர் மாறினர், தளம் அழியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் நடந்த ஆட்டத்தின் ஓட்டக் கணக்கையும் இன்று அங்கே காணலாம். ஒழுங்காகத் திரட்டி அடுக்கிய பழைய கணக்கு, தேடி வருபவர்களுக்கு ஆண்டுதோறும் மேலும் மேலும் பயன் தரும். பயன் தரும் வரை அதை வைத்திருப்பது வாங்குபவருக்கும் லாபம்.

மேலூரின் கடைமடை

சென்னையில் கோடிகள் கைமாறிய அதே காலத்தில் மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டத்தில் வேறொரு சோதனை நடந்தது.

மேலூர்ப் பகுதி உழவர்களுக்குக் 'கடைமடை' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைக்குத் திருப்பப்பட்ட பிறகு, கால்வாய் வழியே அது மேலூர் வரை வந்தது. தலைமடைக்காரருக்குத் தண்ணீர் முதலில், கடைமடைக்காரருக்கு மிஞ்சினால்தான். இணையத்துக்கும் இதே நிலை. தொலைபேசிக் கம்பியே சரிவர இல்லாத கிராமத்துக்கு இணையம் எப்படிப் போகும்?

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி கண்டிருந்தது. 'கார்டெக்ட்' எனப்பட்ட அந்த முறையில் கம்பி வேண்டாம். நகரில் ஒரு கோபுரத்தின் உச்சியில் வானொலி நிலையம். கிராமத்து வீட்டுக் கூரையின் மேல் சிறு உணர்கொம்பு. இடையே மறைப்பு இல்லாவிடில் 10 கிலோமீட்டர் வரை தொடர்பு கிட்டும். நடுவில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர் வரை எட்டும். தொலைபேசியில் பேசிக்கொண்டே நொடிக்கு 35,000 பிட் வேகத்தில் இணையத்தையும் பயன்படுத்தலாம். பேசாதபோது 70,000 பிட். அந்நாளில் நகரத்துத் தொலைபேசிக் கம்பியில் கிட்டிய மிகுந்த வேகமே 56,000 பிட் என்பதை நினைவிற் கொண்டால், இது எளிய சாதனை அன்று என்பது விளங்கும்.

2001 இறுதியில் மேலூர் வட்டக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. ஐ.ஐ.டி. குழுவோடு 'என்லாக்' நிறுவனமும், அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. ஆய்வாளர்களும் இதில் கைகோத்தனர். ஒவ்வொரு மையத்தையும் உள்ளூர்க்காரர் ஒருவர் கடன் வாங்கி, கணிப்பொறி வைத்து நடத்தினார். சில மையங்களை மதுரையின் தானம் அறக்கட்டளை நடத்தியது. பிறப்பு, வருமான, சாதிச் சான்றிதழ்களுக்கு வட்ட அலுவலகத்துக்கு அலையாமல் ஊரிலிருந்தே விண்ணப்பம் அனுப்ப முடிந்தது. கண்ணில் கோளாறு உள்ளவரின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க முடிந்தது. நோய் கண்ட பயிரின் படம் மதுரை வேளாண் கல்லூரிக்குப் போயிற்று.

ஆனால் சில ஆண்டுகளுக்குள் மையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆய்வாளர்கள் காரணங்களை ஆராய்ந்தார்கள். சான்றிதழ்ப் பணியில் ஆர்வம் காட்டிய அலுவலர்கள் மாற்றலாகிச் சென்றதும் அப்பணி தளர்ந்தது. வருவாய் கடன் தவணைக்குப் போதவில்லை. சொந்தக் கடனில் நடத்தியவர்கள் விரைவில் கைவிட்டனர். தொண்டு நிறுவனத்தின் துணை பெற்றவை சற்று அதிகக் காலம் தாக்குப்பிடித்தன.

இங்கே வலைப்பின்னல் கணக்கின் பிழை வெளிப்படுகிறது. 100 தொலைபேசிகளுக்குள் 4,950 இணைகள் உண்டு என்பது எண்கணிதத்தில் சரி. ஆனால் அத்தனை இணைகளும் பேசிக்கொள்ளப் போவதில்லை. மேலூர் உழவருக்கு மும்பைத் தளத்தின் சமையற் குறிப்போடு என்ன தொடர்பு? அவருக்கு வேண்டிய இணைப்பு வட்ட அலுவலகத்தோடும், கண் மருத்துவரோடும், வேளாண் கல்லூரியோடும். அந்த மூன்று நான்கு இணைப்புகளில் ஒன்று அறுந்தாலும் அவருக்கு வலைப்பின்னலின் மதிப்பு பெரிதும் குறைந்து விடுகிறது. சந்தையில் கண்களை எண்ணி விலை வைத்தவர்கள், அக்கண்கள் எதைத் தேடுகின்றன என்று எண்ணவில்லை.

விலையில்லாமல் வளர்ந்த ஒரு மதுரை

மூன்றாவது நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கல் நாளில் 'மதுரைத் திட்டம்' என்னும் முயற்சியைத் தொடங்கி வைத்தார். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, பிழை திருத்தி, எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது நோக்கம். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஓய்வு நேரத்தில் பக்கம் பக்கமாக அடித்து அனுப்பினார்கள்.

அன்று ஓர் இடர் இருந்தது. தமிழ் எழுத்துகளுக்குக் கணிப்பொறிக்குள் பொதுவான எண்கள் இல்லை. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஒரு தளத்தின் எழுத்துரு இல்லாமல் அதைத் திறந்தால் கிறுக்கல்களே தெரியும். அத்தளம் மூடப்பட்டு எழுத்துருவும் மறைந்தால், கோப்பு கையில் இருந்தும் படிக்க முடியாது. பூட்டும் சாவியும் ஒருவரிடமே இருப்பது போன்ற நிலை இது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு இது பற்றி விரிவாக ஆராய்ந்தது. மதுரைத் திட்டத்தார் முதலில் 'இணைமதி' எழுத்துருவிலும், பிறகு தன்னார்வலர்கள் கூடி வகுத்த 'திஸ்கி' முறையிலும், இறுதியாக உலகப் பொதுமுறையான யூனிகோடிலும் நூல்களை மாற்றி வெளியிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பழைய கோப்புகளைப் புதிய எழுத்துக்கு மாற்றும் உழைப்பை யாரோ மேற்கொண்டார்கள். அதனால்தான் அந்நூல்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இத்திட்டத்தை யாரும் வாங்க முடியாது. அதில் விற்பதற்கு ஒன்றுமில்லை. எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதால், ஒரு கணிப்பொறி அணைந்தாலும் நூல் அழிவதில்லை. ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. அது நாள்தோறும் வேண்டிய செய்தியைத் தர இயலாது; கிராமத்துக்குக் கோபுரம் கட்ட இயலாது. அவற்றுக்கு முதலீடு வேண்டும், நிறுவனமும் வேண்டும். ஆகவே வாங்கி வளர்வதே தீது என்று சொல்லி விட்டுப் போவது சரியன்று.

தண்ணீர் வந்தது, வேறு வழியாக

சத்யம் இன்ஃபோவே 2003இல் தன் பெயரை 'சிஃபி' என மாற்றிக்கொண்டது. 2005இல் சத்யம் கம்ப்யூட்டர் தன் பங்கை ராஜு வேகஸ்னாவின் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்று விலகியது. இதனால் 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டரின் கணக்கு மோசடி வெளிப்பட்டபோது சிஃபி அதில் சிக்கவில்லை. இன்று சிஃபியின் முதன்மைத் தொழில் தரவு மையங்களும் வலைப்பின்னல்களுமே. வியந்து பேசப்பட்ட 499 கோடி ரூபாய் வலைத்தளங்களின் பெயர்களை இளைய வாசகர் பலர் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத சரக்கு மறைந்தது. கண்ணுக்குத் தெரிந்த கம்பியும் கட்டடமும் நின்றன.

மேலூர்க் கிராமங்களுக்கும் இணையம் வந்து சேர்ந்தது. கணிப்பொறி மையத்தின் வழியாக அன்று; கைப்பேசிக் கோபுரத்தின் வழியாக. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவை தொடங்கிய பின் தரவின் விலை சரிந்தது. கடைமடையிலும் தண்ணீர் ஓடலாயிற்று.

தண்ணீர் வந்ததும் வாணிபமும் வந்தது. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது அதனைப் பயன்படுத்தியவர்கள் 45 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 42 டாலர்! அன்று வாட்ஸப் வைத்திருந்த மதுரைக்காரர் ஒவ்வொருவரும் அந்த விலையில் ஒரு கூறு. 2020 ஏப்ரலில் அதே ஃபேஸ்புக், ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் 9.99 விழுக்காட்டுப் பங்குக்கு 43,574 கோடி ரூபாய் தருவதாக அறிவித்தது. 1999இல் நாட்டையே வியக்க வைத்த விலையைப் போல் இது ஏறத்தாழ 87 மடங்கு. அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு! வாய்க்காலும் தண்ணீரும் ஒரே கையில் சேர வேண்டும் என்னும் 1999ஆம் ஆண்டின் எண்ணம் சாகவில்லை. இன்னும் பெரிய உருவில் திரும்பி வந்திருக்கிறது.

வாசகர் கேட்க வேண்டியவை

இனி ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கியது என்னும் செய்தியைப் படிக்கும்போது, எத்தனை கோடி என்பதோடு நின்று விடாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

விலையில் கட்டடமும் கருவியும் எவ்வளவு, நன்மதிப்பு எவ்வளவு? நன்மதிப்பு மிகுதி என்றால், விலையின் பெரும்பகுதி உங்களைப் போன்றவர்களின் பழக்கத்துக்கு வைக்கப்பட்டது என்று பொருள்.

விலை பணமாகத் தரப்படுகிறதா, பங்காகத் தரப்படுகிறதா? பங்காக என்றால், வாங்குபவரின் சொந்த விலை உயர்ந்து நிற்கும் காலம் அது என்று ஊகிக்கலாம். உயர்ந்தது தாழவும் கூடும்.

மூன்றாவது கேள்விதான் நமக்கு நெருக்கமானது. நாம் எழுதியதும் படம் பிடித்ததும் சேர்த்து வைத்ததும் அங்கே இருந்தால், கடை மூடும் நாளில் அவற்றைத் திரும்ப எடுக்க வழி உண்டா? எல்லாரும் படிக்கக்கூடிய பொது எழுத்து முறையில் அவை உள்ளனவா? இன்னொரு படி எங்கேனும் இருக்கிறதா?

மதுரைச் சமவெளியின் கண்மாய்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. மேற்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே நீர் கீழ்க்கண்மாய்க்கு இறங்கும். ஆனால் எந்த ஊரும் மேலூற்றை மட்டும் நம்பி இருந்ததில்லை. தன் கண்மாய்க்குத் தானே கரை கட்டி, தானே தூர் வாரி, தனக்கென ஒரு தேக்கத்தை வைத்திருந்தது. உங்கள் குடும்பப் படங்களுக்கும், ஊர்ச் சங்கத்தின் கணக்குக்கும், பள்ளி மலரின் பழைய பக்கங்களுக்கும் அத்தகைய தேக்கம் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும்.